அண்டக் கதிருக்கு அன்டெனா நடுவோருக்கு

கல்குடாப் பக்கத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது: "பாசிக்குடாவுக்கு அருகே எங்கள் உறவினர் ஒருவரின் தென்னந்தோட்டம் இருக்கிறது. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே சில அன்டெனாக்களை நட்டால், அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் துகள் மழையின் றேடியோத் துடிப்பைப் பிடிக்க முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?"

முடியும். வாங்குவதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். இந்த வேலையில் தோற்றவர்களில் பெரும்பாலோர் அன்டெனா சரியில்லாமல் தோற்கவில்லை. கருவியில் தெரிந்த துடிப்பு வானத்திலிருந்து வந்ததா, பக்கத்து வீட்டு மின்விளக்கிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் தோற்றார்கள். ஆகவே நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு தேர்வையும் ஒரே கேள்வியால் எடைபோடுங்கள்: இந்தத் துடிப்புக்கு இரண்டாவது சாட்சி எது?

என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியிலிருந்து வரும் ஒரு புரோத்தனோ இரும்புக் கருவோ வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதுகிறது. மோதலில் பிறந்த துகள்கள் மேலும் மேலும் மோதிப் பெருகி, சில மீற்றர் தடிப்பும் நூற்றுக்கணக்கான மீற்றர் அகலமும் கொண்ட ஒரு படலமாக ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் இறங்குகின்றன. இப்படியான பெரிய துகள் மழைகள் இருப்பதை 1930களின் இறுதியில் பியர் ஓஜே காட்டினார். அந்தப் படலத்தில் உள்ள இலத்திரன்களைப் புவியின் காந்தப்புலம் ஒரு பக்கமும் பொசித்திரன்களை மறுபக்கமும் இழுக்கிறது. அதனால் படலத்துக்குக் குறுக்கே ஒரு மின்னோட்டம் பிறந்து, வளர்ந்து, தேய்கிறது. அதுதான் சில பத்து நனோசெக்கன் மட்டுமே நீடிக்கும் றேடியோத் துடிப்பைத் தருகிறது. படலம் போகும் வழியில் வளியிலிருந்து இலத்திரன்களை வாரிக்கொண்டு போவதால் எதிரேற்றம் மிகுந்து, அதனால் இன்னொரு சிறிய துடிப்பும் உண்டாகிறது. இதை 1962இல் குர்கன் அஸ்கர்யான் முன்கூட்டியே சொன்னார்.

அலைநீளம் படலத்தின் தடிப்பைவிடப் பெரிதாக இருந்தால்தான் எல்லாத் துகள்களின் அலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து பலக்கும். 30 மெகாஹேட்ஸில் அலைநீளம் 10 மீற்றர், 80 மெகாஹேட்ஸில் 4 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 30க்குக் கீழே சிற்றலை ஒலிபரப்புகள் நெருக்கியடிக்கின்றன. உங்களுக்கு வடக்கே திருகோணமலையில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி பல ஆண்டுகள் நடத்திய நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 87.5க்கு மேலே எஃப்.எம். நிலையங்கள். உலகின் பெரும்பாலான அன்டெனா அணிகள் 30 முதல் 80 வரையான வெளியில் வேலை செய்வது இதனால்தான். நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

இனி உங்கள் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால் வட ஐரோப்பாவில் அது தலைகுப்புறச் சாயும். பாசிக்குடாவில் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கும். காந்த நடுக்கோடு இலங்கைக்கும் தென்னிந்தியாவின் தென்முனைக்கும் அருகாகப் போவதே காரணம். 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதே கோட்டுக்காகத்தான். உங்கள் தோட்டத்தில் புலத்தின் வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அது ஏறத்தாழ முழுவதும் கிடையாக, வடக்கு நோக்கி இருக்கிறது.

துகள் மழையின் திசைக்கும் காந்தப்புலத்துக்கும் இடையிலான கோணம் செங்கோணமாக இருந்தால் றேடியோத் துடிப்பு உச்சம். நெதர்லாந்தில் உள்ள லோஃபார் அன்டெனா அணியின் இடத்தில் புலம் சுமார் 49 மைக்ரோடெஸ்லா. ஆனால் அது ஏறக்குறைய 68 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், செங்குத்தாக இறங்கும் மழைக்கு அதில் 18 அளவே பயன்படுகிறது. அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகத்தில் புலமே சுமார் 24தான். சாய்வைக் கழித்தால் ஏறத்தாழ 19 வருகிறது. பாசிக்குடாவில் நேர்மேலே இருந்து வரும் மழைக்கு முழு 40ம் கிடைக்கிறது. அதாவது, அதே சக்தியுள்ள மழை, அந்தப் பெயர்பெற்ற இரண்டு இடங்களையும் விட உங்கள் தலைக்கு மேலே சுமார் இரண்டு மடங்கு பலமான துடிப்பைத் தரும். கடல்மட்டத்தில் இருக்கிறோமே என்ற தயக்கமும் வேண்டாம். துகள்கள் கீழே வர வர வளியில் தேய்கின்றன. றேடியோ அலை தேய்வதில்லை. லோஃபாரும் கடல்மட்டத்தில்தான் நிற்கிறது.

புலம் இப்படி வடக்கு நோக்கிக் கிடையாக இருப்பதிலிருந்து இரண்டு முடிவுகள். முதலாவது, மேலிருந்து வரும் மழையின் துடிப்பு கிழக்கு–மேற்காக முனைவாக்கம் பெற்றிருக்கும். ஆகவே கிழக்கு–மேற்காகக் கட்டிய கம்பியில் துடிப்புப் பலமாகவும், வடக்கு–தெற்காகக் கட்டிய கம்பியில் மிகப் பலவீனமாகவும் தெரிய வேண்டும். யானைகளைத் தடுக்கும் மின்வேலியின் துடிப்போ மோட்டார் சைக்கிளின் துடிப்போ இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. உங்கள் இரண்டாவது சாட்சிகளில் ஒன்றை இயற்கையே இலவசமாகத் தந்திருக்கிறது. இரண்டாவது, வடக்கிலோ தெற்கிலோ அடிவானத்தை ஒட்டி வரும் மழைகள் புலத்தோடு ஒத்த திசையில் ஓடுவதால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். கிழக்கே கடலின் மேலாகச் சாய்ந்து வருபவை நல்ல துடிப்பைத் தரும். ஆனால் அவற்றின் முனைவாக்கம் நிலைக்குத்தாக இருக்கும், அவற்றைப் பிடிக்க வேறு வடிவ அன்டெனாவும் பல சதுர கிலோமீற்றர் நிலமும் வேண்டும். அது அடுத்த தலைமுறை மாணவர்களின் வேலை.

இப்போது இரைச்சல். மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர் முதலில் வள்ளத்தின் மோட்டாரை நிறுத்துவார். பிறகுதான் துடுப்பை நீரில் இறக்கி அதன் நுனியில் காதை வைப்பார். நீங்களும் அந்த வரிசையையே பின்பற்றுங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேர்னார்ட் லவெல் அண்டக் கதிர் மழைகளை ராடாரில் தேடத் தொடங்கியபோது, நகரத்து ட்ராம் வண்டிகளின் மின்பொறி இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. 1945இன் இறுதியில் அவர் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய் நிறுத்திய வயல்வெளிதான் ஜொட்றல் பாங்க். உலகப் புகழ்பெற்ற ஒரு றேடியோ வானியல் ஆய்வகம் பிறந்ததே இரைச்சலுக்குத் தப்பி ஓடியதால்தான்.

பாசிக்குடாவில் ட்ராம் இல்லை, ஹொட்டேல்கள் இருக்கின்றன. குளிரூட்டிகளின் இன்வேர்ட்டர் சுற்றுகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நீங்கள் கேட்க விரும்பும் அதே மீடிறன்களில் குப்பை கொட்டுகின்றன. மீன்பிடி வள்ளங்களின் பெற்றோல் எஞ்சின்கள் பொறி தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பை அனுப்புகின்றன. கடற்காற்றில் உப்புப் படிந்த கரண்ட் தூண்களின் பீங்கான்களில் ஈரமான இரவுகளில் மின் கசிந்து பொறி பறக்கும். உள்நாட்டுப் பக்கம் போனால் யானை வேலிகள். அவை ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு துடிப்பு என்று இரவு முழுக்க அடிக்கும், அந்தத் துடிப்பு துகள் மழையின் துடிப்பைப் போலவே கூர்மையாகத் தோன்றும். தோட்டத்தை முடிவு செய்யும் முன் வாகரை வீதியோரம், கிரான் பக்கத்து வயல்கள், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பின்புறம் என்று மூன்று நான்கு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரையின் அழகுக்காக மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்த ஒப்பீட்டுக்கு, கணினியில் செருகும் மலிவான மென்பொருள் றேடியோ டொங்கிள் ஒன்று போதும். அது ஒரு நேரத்தில் இரண்டரை மெகாஹேட்ஸ் அகலத்தை மட்டுமே பார்க்கும். அவ்வளவு ஒடுங்கிய வாயிலில் 20 நனோசெக்கன் துடிப்பு நுழைந்தால் நானூறு நனோசெக்கனுக்கு இழுபட்டு உருக்குலைந்துவிடும். ஆகவே மழையைப் பிடிக்க அது உதவாது. ஆனால் 30 முதல் 80 வரை படிப்படியாக நகர்த்தி, எந்த மீடிறனில் எந்த நேரம் எவ்வளவு இரைச்சல் என்று எழுதிவைக்க அதைவிட நல்ல கருவி அந்த விலையில் இல்லை.

இரைச்சலே இல்லாத இடம் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். இந்த மீடிறன்களில் நம் பால்வீதியே ஓயாமல் முழங்குகிறது. உங்கள் அன்டெனா அந்த முழக்கத்தைக் கேட்கிறதா என்பதுதான் அதன் தரத்துக்கான பரீட்சை. பால்வீதியின் மையம் பாசிக்குடாவில் தெற்கே 50 பாகைக்கு மேல் உயர்ந்து வரும். ஆனி மாதத்தின் பின்பாதியில் அது நள்ளிரவில் உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தும். ஒரு மாதத்தில் 2 மணித்தியாலம் முந்தும். மூன்று மாதப் பதிவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து பாருங்கள். இரைச்சலின் மேடு இப்படி முந்திக்கொண்டே வந்தால் நீங்கள் கேட்பது வானத்தை. மாலை ஆறரைக்கு எழுந்து பதினொன்றுக்கு அடங்கும் மேடு மூன்று மாதமும் அதே நேரத்தில் நின்றால் அது ஹொட்டேல் விளக்கு. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, மாணவர்களே செய்யலாம், அதுவே ஒரு நல்ல ஆய்வுச் செயற்றிட்டம்.

அன்டெனாவை நீங்களே செய்யலாம். லோஃபாரின் தாழ் மீடிறன் அன்டெனாவைப் பார்த்தவர்கள் அதன் எளிமையில் வியப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டு, அதன் தலையிலிருந்து நான்கு பக்கமும் 45 பாகையில் சரியும் நான்கு செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் 1.38 மீற்றர், தரையில் ஒரு கம்பிவலை. அவ்வளவுதான். எதிரெதிரான இரண்டு கம்பிகள் சேர்ந்து ஓர் இருமுனை. ஒன்றைக் கிழக்கு–மேற்காகவும் மற்றதை வடக்கு–தெற்காகவும் திருப்புங்கள். எஸ்லோன் பைப்பும் செப்புக் கம்பியும் வாழைச்சேனைக் கடைகளிலேயே கிடைக்கும். பெருக்கியை அன்டெனாவின் தலையிலேயே பொருத்துங்கள். ஐம்பது மீற்றர் கேபிளில் தேய்ந்து வந்த பிறகு பெருக்கினால் கேபிளின் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்குவீர்கள். எஃப்.எம். நிலையங்களைத் தடுக்கும் வடிகட்டியை மறக்க வேண்டாம். ஒரு பலத்த நிலையம் பெருக்கியைத் திணறடித்தால் மற்ற எல்லா அளவீடும் பொய்.

தென்னைக்கு நேர் கீழே எதையும் வைக்காதீர்கள். ஈரமான ஓலை இந்த அலைகளைப் பெரிதாக மறைக்காது. விழும் தேங்காய் அன்டெனாவை உடைக்கும்.

துகள் காட்டி இல்லாமல் அன்டெனாவை மட்டும் நம்பித் துடிப்பைத் தேடத் தொடங்க வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 1965இல் ஜெல்லி என்ற ஆய்வாளரும் நண்பர்களும் ஜொட்றல் பாங்கில் 44 மெகாஹேட்ஸில் முதன்முதலாக இந்தத் துடிப்பைக் கண்டபோது, பதிவை எப்போது தொடங்குவது என்று சொன்னவை கைகர் குழாய்கள். 2005இல் இந்தத் துறைக்கு மறுபிறப்புக் கொடுத்த ஜெர்மனியின் லோபெஸ் அணி, கார்ல்ஸ்ரூஹ ஆய்வுக்கூடத்தின் இரைச்சல் மிகுந்த வளாகத்தில் வெற்றி பெற்றதும் பக்கத்தில் இருந்த துகள் காட்டிகளின் துணையால்தான். லோஃபாரின் நடுவிலும் அப்படியான காட்டிகள் இருக்கின்றன. அன்டெனாவே தானாகக் கண்டுபிடிக்கும் முறை இன்று வளர்ந்துவருகிறது, ஆனால் அதற்குப் பாலைவனமும் பெரிய குழுவும் வேண்டும்.

துகள் காட்டிக்கு, துகள் பட்டால் ஒளிரும் 20 சென்ரிமீற்றர் சதுரமான ஒளிர்வுத் தட்டுகள் நான்கு எடுங்கள். ஒளி புகாமல் கறுப்புத் தாளால் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கன் ஒளி உணரியை ஒட்டுங்கள். எம்.ஐ.ரி.யில் மாணவர்களுக்காக உருவான கொஸ்மிக் வொட்ச் என்ற சிறு காட்டியின் சுற்றுவரைபடம் எல்லோருக்கும் இலவசம், அதைப் பின்பற்றலாம். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவன் (துகள் மழைகளில் பிறக்கும் ஒரு வகைத் துகள்) விழுகிறது. ஆகவே ஒரு தட்டு செக்கனுக்குச் சுமார் 7 முறை சும்மாவே அடிக்கும். ஒரு மைக்ரோசெக்கன் இடைவெளிக்குள் இரண்டு தட்டுகள் தற்செயலாகச் சேர்ந்து அடிப்பது நாளுக்கு எட்டுத் தடவை நடக்கும். மூன்று தட்டுகள் தற்செயலாகச் சேர முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே மூன்று தட்டு சேர்ந்து அடித்தால் அது துகள் மழை என்று நம்பலாம். சந்தேகம் இருந்தால் நான்கையும் கேளுங்கள். தட்டுகளை ஒன்றுக்கொன்று 25 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். றேடியோத் துடிப்பு நிலத்தில் நூறு, நூற்றைம்பது மீற்றர் ஆரத்துக்குள் பலமாக இருக்கும் என்பதால் அன்டெனாக்களுக்கு 40 மீற்றர் இடைவெளி பொருந்தும்.

பதிவுக் கருவியில்தான் பணம் போகும். 80 மெகாஹேட்ஸ் வரை பார்க்கச் செக்கனுக்கு 16 கோடி மாதிரிக்கு மேல் வேண்டும். 20 கோடி என்பது உலக வழக்கம். நான்கு வாய் கொண்ட அலைவுகாட்டி வாங்கினால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பெட்டியில் 100 கோடி மாதிரி என்று எழுதியிருந்தாலும் நான்கு வாய்களையும் திறந்தால் அது 25 கோடியாகக் குறையலாம். அது உங்களுக்குப் போதும். மற்றது, பதிவைத் தொடக்கும் தூண்டலை வெளியிலிருந்து வாங்கும் வாய் தனியாக இருக்க வேண்டும். மலிவான சில கருவிகளில் அது இல்லை, வாங்கிய பிறகு தெரிந்தால் பயனில்லை. தூண்டல் வாயில் தட்டுகளின் சைகையைக் கொடுங்கள். நான்கு வாய்களில் மூன்றை மூன்று அன்டெனாக்களின் கிழக்கு–மேற்குக் கம்பிகளுக்கும், நான்காவதை அவற்றில் ஒன்றின் வடக்கு–தெற்குக் கம்பிக்கும் கொடுங்கள். மூன்று அன்டெனாக்களில் துடிப்பு வந்த நேர வித்தியாசம் திசையைச் சொல்லும். நான்காவது வாய் முனைவாக்கத்தைச் சொல்லும். மனிதர் உண்டாக்கிய துடிப்பு பெரும்பாலும் அடிவானத்திலிருந்து வரும், மழை மேலிருந்து வரும்.

ஒளி ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர் போகிறது. 40 மீற்றர் இடைவெளியில் 5 நனோசெக்கன் பிசகினால் திசையில் 2 பாகை பிசகும். சாதாரணக் கேபிளில் ஒரு மீற்றருக்கே 5 நனோசெக்கன் ஆகிவிடும். எனவே எல்லாக் கேபிள்களும் ஒரே சுருளிலிருந்து, ஒரே நீளத்தில் வெட்டப்படட்டும். சிறிய அணிக்கு ஜி.பி.எஸ். கடிகாரம் வேண்டாம், எல்லாக் கம்பிகளும் ஒரு குடிசைக்கு வந்தால் ஒரே கடிகாரம் போதும். அந்தக் குடிசையில் ஓடும் கணினியும் மின்வழங்கியுமே பெரிய இரைச்சல் மூலம் என்பதால் அவற்றை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, பற்றரியில் ஓட்டுங்கள்.

இடி மின்னலைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். சித்திரையிலும் ஐப்பசியிலும் உங்கள் பக்கம் பிற்பகல் இடிமுழக்கம் வழமை; அதன்பின் வாடைக்காற்று மழை. இடிச் சத்தம் கேட்டால் மாணவர்கள் தோட்டத்தை விட்டு உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும்; கேபிள்களைக் கருவியிலிருந்து கழற்றுவதை முகில் திரளும் முன்பே செய்திருக்க வேண்டும். முகிலின் மின்புலம் துடிப்பின் பலத்தையும் முனைவாக்கத்தையும் மாற்றிவிடும் என்று லோஃபார் குழு 2015இல் காட்டியது. ஆகவே அந்த நேரத்துப் பதிவுகளைத் தனியே ஒதுக்குங்கள். இதில் நம் பக்கத்துக்குப் பெருமையான செய்தியும் உண்டு. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம், 3,712 வாயுக் குழாய்களால் ஆன 560 சதுர மீற்றர் மியூவன் காட்டியைக் கொண்டு, 2014 டிசம்பர் 1ஆம் திகதி மேலே நின்ற ஓர் இடிமுகிலின் மின்னழுத்தத்தை அளந்தது. 130 கோடி வோல்ட். அண்டக் கதிரை அளக்கும் கருவி முகிலையும் அளக்கும். ஊட்டிக்குப் போகும் வாய்ப்பு வந்தால் மாணவர்களுக்கு அதைக் காட்ட அனுமதி கேளுங்கள்.

இணைப்புகளை உப்பு தின்னும். ஒவ்வொன்றையும் றப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றுங்கள். கேபிளை மாடும் ஆடும் கடிக்கும். குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். நீங்கள் எதையும் ஒலிபரப்பவில்லை, கேட்க மட்டுமே செய்கிறீர்கள். ஆனாலும் கிராம சேவகரிடமும் கோறளைப்பற்றுப் பிரதேச செயலகத்திலும் பொலிசிலும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். திறந்த வெளியில் திடீரென்று அன்டெனாக்கள் முளைத்தால் கேள்வி வருவது இயல்பு. பதிலை மாணவர்கள் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. கருவிகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

எதிர்பார்ப்பைச் சரியாக வையுங்கள். ஜெல்லி குழுவின் கைகர் குழாய்கள் 4,500 தடவை மணி அடித்தன. அவற்றில் 11 தடவை மட்டுமே தெளிவான றேடியோத் துடிப்புத் தெரிந்தது. காரணம் எளிது. தட்டுகள் சிறிய மழைகளையும் காணும். றேடியோத் துடிப்பு பால்வீதியின் இரைச்சலுக்கு மேலே தலைதூக்க 1க்குப் பின் 17 பூச்சியம் இட்ட இலத்திரன்வோல்ட் அளவுச் சக்தி வேண்டும், அவ்வளவு பெரிய மழைகள் அரிது. உங்கள் அளவு அணிக்கு மாதத்தில் ஒரு சில நல்ல நிகழ்வுகள் கிடைத்தால் அது வெற்றி. தட்டு அடித்தும் துடிப்புத் தெரியாத நூற்றுக்கணக்கான பதிவுகளை அழிக்க வேண்டாம். துடிப்புத் தெரிந்தவற்றின் நம்பகத்தை நிறுவுவது அவைதான். மாணவர்கள் பொறுமை இழக்காமல் இருக்க, பியர் ஓஜே ஆய்வகம் பொதுவில் திறந்து வைத்திருக்கும் தரவுகளை இடைக்காலத்தில் ஆராயக் கொடுங்கள். கணினியும் இணையமும் இருந்தால் போதும்.

சாய்ந்து வரும் மழை, சக்தி அளவீடு, மோதிய கரு புரோத்தனா இரும்பா என்ற கேள்வி எல்லாம் இப்போது வேண்டாம். ஓர் அன்டெனா, ஒரு டொங்கிள், ஒரு கொப்பி. முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவே. அந்தப் பதிவுகளில் பால்வீதியின் மேடு நாளுக்கு 4 நிமிடம் முந்திவருவதைக் கண்டதும் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தப் பெருக்கி, எந்த அலைவுகாட்டி வாங்குவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.